வாரக் கூலியும் மாதச் சாமானும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மளிகைச் செலவைப் பற்றியே இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்த காலத்தில் அரிசியையும் பருப்பையும் தலைக்கு இத்தனை கிராம் என்று நாள்தோறும் நிறுத்துப் போட்டவள் நான். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே சொல்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் விசைத்தறி ஓட்டுகிறோம். கூலி சனிக்கிழமைதோறும் கைக்கு வரும். மாமியார், 13 வயதில் மகன், 9 வயதில் மகள் என வீட்டில் ஐந்து பேர். பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். வாடகை, கரண்ட், சீட்டுப் பணம் எல்லாம் போகச் சாப்பாட்டுக்கு வாரம் 1,500 ரூபாய்தான் மிஞ்சுகிறது. மாதச் சாமானை ஒரே தடவையில் வாங்கினால் மிச்சம் பிடிக்கலாம் என்கிறார்கள். மொத்தமாகப் பணம் வந்தால்தானே மொத்தமாக வாங்க முடியும்? தெருமுனைக் கடையில் 3,000 ரூபாய் பாக்கி வேறு நிற்கிறது. எனக்குக் காலை வேளை டீயோடு போய்விடும் என்பதால் அதில் குறைக்க ஒன்றுமில்லை. வேறு எதைக் குறைப்பது?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்: அம்மா, காலை வேளை டீயோடு போய்விடும் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை ஒரு குறையாகக்கூட நீங்கள் சொல்லவில்லை. வீட்டில் பணம் இறுகும்போது முதலில் குறைவது வீட்டுப் பெண்ணின் சாப்பாடு. அது எந்த நோட்டிலும் செலவாகவோ மிச்சமாகவோ எழுதப்படுவதில்லை. நாள் முழுவதும் தறியடியில் நிற்கிற உடம்பு டீயை நம்பி ஓடாது. இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, சின்ன வெங்காயம், ஒரு பிடி வறுத்த நிலக்கடலை ஆகிய மூன்றும் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பவையாகவோ சொற்பச் செலவில் கிடைப்பவையாகவோ இருக்கும். அவற்றை நாளையிலிருந்து சாப்பிடத் தொடங்கிவிட்டுப் பிறகு மற்றக் கணக்கைப் பாருங்கள்.

மாதச் சாமானை மொத்தமாக வாங்கச் சொல்லும் அறிவுரை மாதச் சம்பளக்காரர்களுக்கு உரியது. வாரக் கூலிக் குடும்பம் ஒன்று எண்ணெயை 100 மில்லியாகவும் பருப்பைக் கால் கிலோவாகவும் மிளகாய்த்தூளைச் சிறு பாக்கெட்டாகவும் வாங்குவது சிக்கனம் தெரியாததால் அன்று. அன்றன்றைக்குக் கையில் இருப்பது அவ்வளவுதான் என்பதால். ஆனால் 10 ரூபாய்க்கு வாங்கும் பாக்கெட்டில் 25 கிராம் இருந்தால், அந்தப் பொருளைக் கிலோ 400 ரூபாய்க்கு வாங்குகிறோம் என்று பொருள். குறைந்த பணம் உள்ளவர் கூடுதல் விலை கொடுக்கிற இந்த அநியாயத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் வெளியே வர முடியும்.

உங்கள் 1,500 ரூபாயில் பால், காய்கறி, முட்டைக்கு 850, உப்பு, கடுகு, தேயிலை போன்ற சில்லறைச் சாமான்களுக்கு 200, கடைப் பாக்கிக்கு 150 என்று ஒதுக்கினால் 300 ரூபாய் நிற்கும். அந்த 300 ரூபாயை வாரத்துக்கு ஒரு வகைச் சாமானுக்கு மட்டும் செலவிடுங்கள். முதல் சனிக்கிழமை எண்ணெய், இரண்டாவது சனிக்கிழமை பருப்பும் பயறும், மூன்றாவது சனிக்கிழமை புளி, மிளகாய், மல்லி, நான்காவது சனிக்கிழமை ராகி, உளுந்து, நிலக்கடலை என்று சுற்று வர வேண்டும். முதல் மாதம் சற்றுத் திண்டாட்டமாகவே இருக்கும். இரண்டாவது மாதத்தில் ஒவ்வொரு சாமானும் தீர்வதற்கு முன்பே அதன் வாரம் வந்துவிடும். ஆண்டில் நான்கு மாதங்களிலாவது ஐந்து சனிக்கிழமைகள் வருகின்றன. அந்த ஐந்தாவது வாரப் பணம், மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி வைக்க உதவும். உங்கள் வரிசையில் உள்ள இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், லீ பஜார் பக்கத்து மொத்தக் கடைகளில் ஒன்றாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால், தெருக் கடை விலைக்கும் அந்த விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

எவ்வளவு வாங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு நாளைக்கு 20 கிராம் எண்ணெய் என்று கொண்டால் ஐந்து பேருக்கு மாதம் 3 கிலோ போதும். ரேஷனில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் கிடைப்பதால், வெளியில் வாங்க வேண்டியது இரண்டு லிட்டருக்குச் சற்று மேல்தான். பருப்பு வகை தலைக்கு 30 கிராம் வீதம் நாளைக்கு 150 கிராம், மாதத்துக்கு நாலரைக் கிலோ. ரேஷன் துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ வருகிறது. மீதியை முழுக்கத் துவரையாகவே வாங்க வேண்டியதில்லை. கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு என்று மாற்றிக்கொள்ளுங்கள். 100 கிராம் கொள்ளில் துவரம்பருப்புக்கு இணையாக ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. நம் பக்கத்துக் கொள்ளு கடைசலை ராகிக் களியோடு வைத்தால் அதற்குமேல் ஒரு குழம்பு தேவைப்படாது.

அளப்பதிலும் ஒரு சேமிப்பு இருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் நான் முதலில் கற்றது தலைதட்டி அளப்பதுதான். டம்ளரைப் பருப்புக்குள் விட்டுக் கூம்பாக அள்ளாமல், விளிம்புக்கு மேல் நிற்பதை விரலால் வழித்துவிட வேண்டும். 200 மில்லி டம்ளர் ஒன்றைத் தலைதட்டினால் ஏறத்தாழ 160 கிராம் பருப்பு இருக்கும். உங்கள் வீட்டின் ஒரு நாளைக்கு அது போதும். கூம்பாக அள்ளினால் ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போய், நான்காவது வாரத்தில் டப்பா காலியாகி, மறுபடியும் தெருக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

மகள் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால், 2023 ஆகஸ்டு முதல் அவளுக்குப் பள்ளியிலேயே காலை உணவு உண்டு. மதியம் இருவருக்கும் சத்துணவும் முட்டையும் உண்டு. வயதுக்கு வந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் சிலர், அதைச் சாப்பிடக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது தானம் அன்று, பிள்ளைகளின் உரிமை என்பதை உங்கள் மகனுக்கு அவன் அப்பாவே சொல்லட்டும். வாரம் 21 முட்டை வாங்க முடிந்தால் பள்ளி முட்டை போக மீதி பெரியவர்களுக்கும் கிடைக்கும். நாமக்கல் பக்கத்தில் இருப்பதால், புரதத்துக்கு நம் ஊரில் கிடைக்கிற மலிவான வழிகளில் முட்டையும் ஒன்று.

பாக்கி 3,000 ரூபாயும் வாரம் 150 வீதம் 20 வாரங்களில் தீரும். கடைக்காரரிடம் நேரில் போய், இனிமேல் கடன் எழுத வேண்டாம், பழையதை மட்டும் வாரா வாரம் கழிக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். கடன் நிற்கிற கடையில் விலையை வாய்விட்டுக் கேட்க நமக்கே தயக்கமாக இருக்கும். பாக்கி குறையக் குறைய அந்தத் தயக்கமும் போகும்.

கேள்வி: ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் தண்ணீரில் மிதக்கின்றன, நிறமும் வேறாக இருக்கிறது. அது பிளாஸ்டிக் அரிசி என்று எங்கள் தெருவில் எல்லோரும் பொறுக்கி எறிகிறார்கள். வாடை அடிக்கிறது என்று சிலர் அரிசியையே விற்றுவிட்டுக் கடையில் வாங்குகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
– ஒரு வாசகி, கிச்சிப்பாளையம்

பதில்: அந்த மணிகள் பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து, மறுபடியும் அரிசி வடிவில் செய்யப்பட்ட செறிவூட்டிய மணிகள் அவை. நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் சாதாரண அரிசியில் கலக்கப்பட்டவை. இரத்தசோகை நம் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் மிகுதியாக இருப்பதால்தான் அதைக் கலந்திருக்கிறார்கள். அதைப் பொறுக்கி எறிபவர்கள் அரிசியை வைத்துக்கொண்டு மருந்தை எறிகிறார்கள். நான்கைந்து முறை களைந்து கொட்டாமல் இரண்டு முறை களைந்தால் போதும். வடித்த கஞ்சியையும் வீணாக்காமல் உப்புப் போட்டுக் குடிக்கலாம், அல்லது ரசத்தில் சேர்க்கலாம். வீட்டில் தலசீமியா போன்ற பிறவி இரத்த நோய் உள்ளவர் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வாடை அடிக்கிறது என்பது நியாயமான குறைதான். அரிசியை ஒரு மணி நேரம் வெயிலில் உலர்த்திப் புடைத்து வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். புழுங்கலரிசியாக வந்தால் நான்கு பங்குக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு இட்லிக்கு அரைத்துவிடுங்கள். புளித்த மாவில் அந்த வாடை தெரியாது. நான்கைந்து பேர் உள்ள அரிசி அட்டைக்குக் குறைந்தது 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதைச் சில ரூபாய்க்கு விற்றுவிட்டு, அதே அளவு அரிசியைக் கடையில் பல மடங்கு விலைக்கு வாங்குவது இருக்கிற பணத்தையும் கரைக்கும்; சட்டப்படியும் அது குற்றம்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். மேலே எதை வாங்கினாலும் விலை கூடுதலாக இருக்கிறது. வாரம் ஒருமுறை சேலத்துக்கு இறங்கி வந்து வாங்கினால் கட்டுப்படியாகுமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: வாரம் ஒருமுறை ஒருவர் மட்டும் இறங்கினால் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் சேர்ந்து, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். சேலத்துக்கு வந்துவிட்டால் வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல் பட்டியலில் இல்லாத நாலு பொருளும் பையில் ஏறிவிடும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற நான்கு வீட்டார் முறை வைத்துக்கொண்டு, பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஒருவர் மட்டும் இறங்கி நால்வருக்கும் வாங்கி வந்தால், ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பயணம்தான் ஆகும். போகிறவரின் பஸ் கட்டணத்தை நால்வரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவரவர் பணத்தையும் சாமான் சீட்டையும் தனித்தனிக் கவரில் கொடுத்தனுப்பினால் பின்னால் மனக்கசப்பு வராது.

பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், உப்பு போன்ற கெடாத சாமான்களை மட்டும் கீழேயிருந்து ஏற்றுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் தாண்டி மேலே போகிற தக்காளியும் கத்திரிக்காயும் நசுங்கித்தான் போய்ச் சேரும். காய்க்கு மலையில் விளைகிற சௌசௌ, வாழைப்பூ, வாழைத்தண்டு, பலாப்பிஞ்சு ஆகியவற்றை நம்புங்கள். பலாக் காலத்தில் சுற்றுலா வருகிறவர்கள் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை எறிந்துவிட்டுப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. அந்தக் கொட்டையைத் தோலோடு நிழலில் உலர்த்தி வைத்தால் பல வாரங்கள் இருக்கும். கீரைத்தண்டோடு சேர்த்துக் குழம்பு வைக்கலாம், சுட்டுப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கலாம். மலைக்கிராமத்தார் சாமையோ ராகியோ விற்க வந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ராகியில் அரிசியைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வீட்டு வாசலில் நாலடி இடம் இருந்தாலும் மணத்தக்காளியும் ஒரு முருங்கைக் கொம்பும் போதும். ஆனால் காட்டுக் கீரை, காளான் வகைகளை, அவற்றை நன்றாக அறிந்த பெரியவர்கள் காட்டிக் கொடுக்காமல் பறிக்க வேண்டாம்.

கேள்வி: நானும் மனைவியும் மட்டும்தான். ஓய்வூதியத்தில் வாழ்கிறோம். உழவர் சந்தையில் மலிவு என்று வாங்கும் காய்கறியில் பாதி அழுகிப் போகிறது.
– ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: ஐயா, இருவருக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ காயும் கீரையும் தாராளம். சூரமங்கலம் உழவர் சந்தை உங்களுக்கு நடை தூரத்தில் இருந்தால், வாரத்துக்கு ஒரு முறை பை நிறைய வாங்குவதைவிட இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு கிலோ வாங்குவதே மேல். போனவுடன் விலைப் பலகையைப் படித்துவிட்டு, அன்றைக்கு எது விலை இறங்கியிருக்கிறதோ அதை வைத்துச் சமையலை முடிவு செய்யுங்கள். கீரையை வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும். பூசணி, சேனை, கருணை ஆகியவை வெட்டாதவரை நாள்பட நிற்கும்; மழை நாட்களுக்கு அவை கைகொடுக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஜவ்வரிசியும் குச்சிக்கிழங்கும் மலிவு. இரண்டையும் குழந்தைகளுக்கு அடிக்கடி கொடுத்தால் சத்தாகுமா?
– ஒரு வாசகி, ஆத்தூர்

பதில்: வயிறு நிறையும், வளர்ச்சிக்குப் போதாது. ஜவ்வரிசி, குச்சிக்கிழங்கிலிருந்து எடுத்த மாவுச்சத்து மட்டுமே என்பதால் அதில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். சேலத்து ஜவ்வரிசி பேர்பெற்ற பொருள்தான். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆனாலும் அதைத் தனியாகக் கொடுக்காமல், உப்புமாவில் ஒரு பங்கு ஜவ்வரிசிக்கு அரைப் பங்கு வறுத்துப் பொடித்த நிலக்கடலையும், பாசிப்பருப்பும் சேருங்கள். கிழங்கைத் தோலை முழுக்க உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குச்சிக்கிழங்கில் இயற்கையாகவே நஞ்சு உண்டு என்பது, இலையை மேய்ந்து ஆடு சாவதைக் கண்ட நம் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். கசக்கிற கிழங்கை வாயில் வைக்கவே வேண்டாம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காவிட்டால் வீட்டில் எல்லோருடைய முகமும் வாடிவிடுகிறது. ஆட்டுக்கறி விலைக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, குகை

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. ஆறு நாள் உழைத்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு வாசனை ஒரு சந்தோஷம்; அதைக் கணக்கில் ஓர் எண்ணாக மட்டும் பார்க்க என்னால் முடியாது. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் ஆட்டுக்கறி அரைக் கிலோ எடுத்து, அதில் கால் கிலோ ஊறவைத்த மொச்சையோ உருளைக்கிழங்கோ சேர்த்துக் குழம்பைப் பெருக்குங்கள். மற்றொரு ஞாயிறு குடலோ ஈரலோ எடுக்கலாம். இரும்புச் சத்துக்கு ஈரலை மிஞ்சுவது அரிது. இன்னொரு ஞாயிறு மேட்டூர் அணை மீன் வருகிறதா என்று பாருங்கள். ஜிலேபி மீன் விலை குறைவாகக் கிடைக்கும். புளிக்குழம்பில் நன்றாக வேகவிட்டுப் பொறுமையாகச் சாப்பிட்டால் சுவையில் குறைவில்லை. சிறு குழந்தைகளுக்கு மட்டும் முள்ளை நீங்களே எடுத்துவிட்டுக் கொடுங்கள். நான்காவது ஞாயிறு முட்டைக்குழம்போ கருவாட்டுக்குழம்போ போதும்.

கறிக்குழம்பைப் பற்றி எழுதும்போது என் அம்மாவின் நினைவு வருகிறது. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடிப்பிடித்த சட்டியில் ஒரு கை சோற்றைப் போட்டுப் பிசைந்து, எனக்கு இதுதான் பிடிக்கும் என்று சொல்லி அவர் சாப்பிடுவார். பிடித்துத்தான் சாப்பிடுகிறார் என்றே என் கல்யாணம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். அரைக் கிலோ கறியில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இத்தனை துண்டு என்று எண்ணிவிட்டு, யாருக்கும் பரிமாறுவதற்கு முன்பே உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்துத் தட்டுப் போட்டு மூடி அடுப்பு மேடையில் வையுங்கள். யாராவது கேட்டால், அது எனக்கு என்று சொல்லுங்கள்.